பழகிய மூக்கு

அக்காவுக்கு மூக்கு போனதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. முகத்தில் இருக்கிற மூக்கு இருந்த இடத்தில் எடுப்பாகத்தான் இருந்தது. வாசனை தெரிவதுதான் நின்றுபோனது. ஏதோ ஒரு காய்ச்சல் வந்து படுத்தாள், தேறி எழுந்தாள், தட்டில் போட்டதை வாயில் வைத்துவிட்டு, "என்னடி இது, காகிதத்தை மென்னு தின்ற மாதிரி இருக்கு" என்றாள். வந்துவிடும், வந்துவிடும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வரவில்லை. பால் தீய்ந்து புகை கூடத்தை எட்டிப்பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரியும். ஒருநாள் அடுப்பின் திருகை மூடாமலே தையல் மெஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கத்தியிராவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அத்தான் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார்.

அவளுடைய தங்கை, வீட்டில் எல்லாருக்கும் சின்னவள், பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். காற்றில் கலந்த வாயுவைக் கண்டுகொள்ளும் உலோகப் பூச்சுதான் அவள் ஆராய்ச்சி. வருஷக்கணக்காக அதையே கட்டிக்கொண்டு அழுதாள். கட்டுரை எழுதுவாள், அதை உலகத்தில் நாலு பேர் படிப்பார்கள், அந்த நாலு பேரும் இதே மாதிரி கட்டுரை எழுதுகிறவர்கள். "இவ்வளவு படிச்சியே, என் அடுப்பை ஒண்ணு பார்த்துக்கிறதுக்கு அதுல வழி இல்லையா?" என்று அக்கா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அம்மா போன பிறகு தலைவாரி விட்டதிலிருந்து படிக்க வைத்தது வரைக்கும் அக்காதான். அக்கா இல்லாத உலகத்தை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அப்படிப் பிறந்ததுதான் அந்தப் பெட்டி. பழைய சாப்பாட்டு டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, உள்ளே பூச்சுத் தகட்டையும் பேட்டரியையும் வைத்து, ஒரு சைரனை ஒட்டினாள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் தேங்கும். அதனால் சமையலறைச் சுவரில் கணுக்கால் உயரத்தில் மாட்டினாள். மாட்டிய நிமிஷத்திலிருந்து அது வாய் ஓயவில்லை. வாயு கசிந்தாலும் கத்தியது, எண்ணெய் காய்ந்தாலும் கத்தியது, அக்கா தலைக்குச் சாயம் பூசினாலும் கத்தியது. "தொட்டதுக்கெல்லாம் குத்தம் கண்டுபிடிக்குது" என்று அக்கா அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாள். ஆனால் ஒருநாளும் கழற்றவில்லை. அது கத்தும்போதெல்லாம் எழுந்துபோய், "வந்துட்டேன் அத்தே, மூடித்தான் இருக்கு" என்று அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள்.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கத்தின் புதுக் கொள்கை வந்து இறங்கியது. ஆய்வகங்களில் தூங்குகிற கண்டுபிடிப்புகளைத் தட்டி எழுப்பிக் கடைக்கு அனுப்ப வேண்டும். வட்டாரத்துக்கு ஒரு புத்தாக்க மையம். எந்த வட்டாரம் முதலில் ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறதோ அதன் மையம் நிலைக்கும், மற்றவை இணைக்கப்படும். இணைக்கப்படும் என்றால் மூடப்படும் என்பது அங்கே வாசல் பெருக்குகிறவர் வரைக்கும் தெரியும். குறை சொல்வதற்கில்லை, நல்ல எண்ணத்தில் போட்ட கொள்கைதான். அது மட்டும் வந்திராவிட்டால் மாமியார் அந்த ஒரு வீட்டுச் சுவரிலேயே கத்திக் கத்தி ஓய்ந்திருக்கும்.

அந்தக் கொள்கையில் ஒரு விதி இருந்தது. வல்லுநர் குழு எந்த மாதிரியைப் பார்த்துச் சரி என்கிறதோ, அதற்கு அங்கேயே முத்திரை வைத்துவிடுவார்கள். கம்பெனி அதை அச்சு அசலாக அப்படியே செய்ய வேண்டும். ஒரு திருகாணியை மாற்றினாலும் மறுபடி முதல் படி. முன்பு எவனோ குழுவிடம் ஒன்றைக் காட்டிவிட்டுக் கடையில் வேறொன்றை விற்றிருக்கிறான், அதனால் வந்த விதி. நியாயமான விதிதான். அந்த நியாயம்தான் கடைசியில் கழுத்தைப் பிடித்தது.

மையத்தின் இயக்குநரை ஆள் இல்லாதபோது எல்லாரும் பச்சைக்கொடி என்பார்கள். எவர் எதைக் கொண்டுவந்தாலும், "பண்ணிடலாம்மா, பண்ணிடலாம்" என்பார். கெட்டவர் இல்லை. டப்பாவைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தவர் அவர். அதற்கு வெள்ளை வெளேரென்று ஒரு பிளாஸ்டிக் கூடு, சரியாக இருந்தால் பச்சை விளக்கு, வாயு வந்தால் சிவப்பு விளக்கும் சைரனும் என்று ராஜ உடை போட்டுவிட்டவரும் அவர்தான். சின்னவளுக்கு மூக்கம்மா என்று பேர் வைத்தவரும் அவரே.

குழு வந்த நாளில் கண்காட்சி மண்டபத்துக்குள் மூச்சுவிட முடியவில்லை. மேஜைகளுக்கு அன்றைக்குக் காலையில்தான் வார்னிஷ் அடித்திருந்தார்கள். தரையில் பாலிஷ், ஆட்கள் மேலே சென்ட், வாசலில் கை கழுவும் திரவம். பெட்டியை மேஜையில் வைத்ததுதான் தாமதம், வீல் என்று கத்தத் தொடங்கியது. நிறுத்தினால் மறுபடி கத்தியது. பக்கத்து வட்டாரத்துக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? இது தோற்றால் அவர்கள் மையம் பிழைக்குமே.

பச்சைக்கொடி வியர்த்து வழிந்தபடி வந்தார். "மூக்கம்மா, குழு அடுத்த மேஜைக்கு வந்தாச்சு. இன்னைக்கு ஒரு நாளைக்கு இதோட வாயைக் கட்ட முடியாதா?"

முடியும். அதுதான் கொடுமை. சின்னவள் மேஜைத் துணிக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, லேப்டாப்பில் புரோகிராமை மாற்றினாள். எந்த அறையில் இருக்கிறாயோ அந்த அறையின் வாசனைக்குப் பழகிக்கொள். வாசனை மெல்ல மெல்ல ஏறினால் அது அந்த அறையின் சுபாவம், பேசாமல் இரு. திடீரென்று பாய்ந்தால் மட்டும் கத்து. மனுஷ மூக்கும் அப்படித்தானே வேலை செய்கிறது, சாக்கடைப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்குச் சாக்கடை மணப்பதில்லையே என்று அந்த அவசரத்திலும் அவளுக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

பெட்டி கப்சிப் ஆனது. குழுத்தலைவர் ஒரு சிகரெட் லைட்டரைத் தீ வராமல் அமுக்கி, வாயுவை அதன் முகத்தில் பீய்ச்சினார். வீல் என்று கத்திச் சிவந்தது. எடுத்ததும் அடங்கிப் பச்சையானது. எல்லாரும் கைதட்டினார்கள். தலைவர் அந்தப் பெட்டிக்கே முத்திரை வைத்தார்.

"சார், இது இந்த மண்டபத்துக்காக மட்டும்..." என்று சின்னவள் வாயெடுத்தாள்.

பச்சைக்கொடி சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் குனிந்தார். "இப்ப எதையாவது சொன்னா மறுபடியும் முதல் படிம்மா. அதுக்குள்ள நம்ம மையமே இருக்காது. கம்பெனிக்காரர்கிட்ட வாயால சொல்லிக்கலாம்."

சொன்னாள்தான். வீட்டுக்குப் போகிற பெட்டிகளில் பழைய புரோகிராமைத்தான் போட வேண்டும் என்று கம்பெனி முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னாள். "பார்த்துக்கலாம் மேடம், கவலையை விடுங்க" என்றார் அவர். கைமாறிய பிறகு கண்டுபிடித்தவருக்கு அந்தப் பொருளில் வேலை இல்லை என்பதும் கொள்கைதான். அவளைப் பாராட்டுக் கூட்டங்களுக்குக் கூப்பிட்டார்கள், பேசச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

முதல் பெட்டிகளை அக்கா இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். ஆட்கள் வந்து வீடு வீடாக மாட்டிவிட்டுப் போனார்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார். எந்த அக்காவுக்காகக் கண்டுபிடித்தார்களோ அந்த அக்கா வீட்டிலேயே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி ஒரு டீ குடிப்பார். பச்சைக்கொடியின் யோசனைதான். "படம் எப்படி வரும் பாருங்க" என்று அவர் பூரித்துப்போனார்.

விழா நாள் காலையில், மேடையில் தூக்கிக் காட்டுவதற்காக ஒரு பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். சின்னவள் சும்மா கை அரிப்பில் அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, மெல்லிய குழாயில் வாயுவைத் திறந்தாள். ஆய்வகத்துக்காரர்களுக்கு எதையும் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் பழக்கம். கூண்டின் அளவுமானியில் முள் நகர்ந்தது. பெட்டி பச்சையாக இருந்தது. முள் இன்னும் ஏறியது. பச்சை. ஒரு பொறி பட்டால் கூண்டே வெடிக்கும் என்கிற கோட்டையும் முள் தாண்டியது. பெட்டி சமர்த்துப் பிள்ளையாகப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வாயுவை மூடிவிட்டுக் கம்பெனி முதலாளிக்கு போன் போட்டாள்.

"என்ன மேடம் இது, இப்பப் போய்?" என்றார் அவர். "முத்திரை மாதிரியில என்ன இருந்துச்சோ அதேதான் எல்லாத்துலயும் போட்டிருக்கு. ஒரு புள்ளியை மாத்தினா என் லைசென்ஸ் போயிடும். ஒவ்வொண்ணையும் லைட்டர் வச்சுப் பார்த்துத்தான் அனுப்பினோம். ஒண்ணுகூடத் தப்பு இல்ல."

"லைட்டருக்குக் கத்தும் சார். கசிவுக்குக் கத்தாது. வீட்டுல வாயு லைட்டர் மாதிரி பீய்ச்சுமா? சொட்டுச் சொட்டாத்தானே வரும்!"

"அதை நீங்க குழுவுக்குச் சொல்லியிருக்கணும் மேடம்" என்றார். அதில் தப்பு என்ன இருக்கிறது? சொல்லியிருக்க வேண்டும்தான்.

டாக்ஸியில் போகும்போது ஒரே ஒரு நினைப்பைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகள் எப்படியோ, அக்கா வீட்டில் மாமியார் இருக்கிறது. அது பழகிக்கொள்ளத் தெரியாத ஜென்மம். அது இருக்கிற வரைக்கும் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது.

குடியிருப்பின் முன்னால் பந்தல், நாற்காலிகள், ஒலிபெருக்கி. மாடியிலிருந்து கீழ்வரைக்கும் கட்டடத்தின் முகத்தை மூடி ஒரு பெரிய பேனர் தொங்கியது. பச்சைக்கொடி ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தார். சின்னவள் அவரைத் தனியே இழுத்து மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் முகத்தில் ரத்தம் வற்றுவதை அவளே பார்த்தாள். ஆனால் அது ஒரு நிமிஷம்தான்.

"விழா முடியட்டும்மா."

"சார், இத்தனை வீடு இருக்கு. எல்லாரும் பச்சையைப் பார்த்து நம்பிக்கிட்டு இருப்பாங்க. இப்பவே மைக்ல சொல்லி எல்லாத்தையும் கழட்டச் சொல்லுங்க."

"நான் சொல்ல முடியாது. முத்திரை வச்ச பொருளைத் திரும்ப வாங்கக் கொள்கையில ஒரே வழிதான் இருக்கு. ஒரு சம்பவம் பதிவாகணும். பதிவானா உடனே மறுமதிப்பீடு."

"சம்பவம்னா?"

ரிப்பன் ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. அவர் அதை மறுபடி நேராக்கினார்.

அவரோடு மல்லுக்கு நிற்க நேரமில்லை என்று சின்னவள் படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். படிக்கட்டின் அடியில் வாட்ச்மேனின் தடுப்பறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, டீ போடுகிற சின்ன அடுப்பு. மேஜையின் மேல் மாமியார் உட்கார்ந்திருந்தது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்று கேட்டாள்.

"உங்க அக்காதான் குடுத்தாங்க மேடம்" என்று வாட்ச்மேன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "புதுசு மாட்டின நாள்ல இருந்து இது விடாம கத்துச்சாம். மாட்ட வந்த ஆளுங்க பார்த்துட்டு, புதுசு பச்சையா இருக்கு, பழசு கெட்டுப்போச்சு, கழட்டிடுங்கன்னு சொன்னாங்களாம். உங்க அடுப்புக்கு வச்சுக்கோங்கன்னு எனக்குக் குடுத்தாங்க. இங்க வந்து ஒரு தடவைகூடக் கத்தலையே. நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு. அப்படியென்றால் கெட்டுப்போனது மாமியார் இல்லை. சுவரில் துளை போட அடுப்பை நகர்த்தியிருப்பார்கள், குழாய் எங்கோ நசுங்கியிருக்கும். சின்னவள் படிகளைத் தாவித் தாவி ஏறினாள். அக்கா வீடு முதல் மாடிதான். அந்த முதல் மாடி அன்றைக்கு வந்து சேரவே மாட்டேன் என்றது.

கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது நாற்றம். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி தொண்டையைப் பிடிக்கிற அந்த நாற்றம். ஜன்னல்களுக்கு வெளியே பேனர் தொங்கியதால் வீடு பட்டப்பகலில் மங்கிக் கிடந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் வீடியோவில் விழக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்தவும் சொல்லியிருந்தார்கள். இத்தனை நாள் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்த வாயு இப்போது உள்ளேயே தேங்கிவிட்டது. அக்கா புதுத்துணி உடுத்தி, அலங்காரமாக அடுப்பின் முன்னால் நின்றாள். கெண்டி தயாராக இருந்தது. கையில் லைட்டர்.

"வாடி, வா! எங்க காணோமேன்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். கீழ கைதட்டல் கேட்டதும் பத்தவைக்கச் சொல்லியிருக்காங்க. முடி சரியா இருக்கா பாரு."

"அக்கா, அதைக் கீழ வை."

"எதை?"

"லைட்டரை. அமுக்காத. வீடு முழுக்க கேஸ்."

அக்கா குனிந்து பார்த்தாள். கணுக்கால் உயரத்தில், மாமியார் இருந்த இடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைப் பெட்டி பச்சையாக எரிந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது.

"பயமுறுத்தாதடி. பச்சை எரியுதே. நீ செஞ்சதுதானே? உனக்குப் படபடப்பு, அதான் என்னென்னவோ தோணுது."

"அது பொய் சொல்லுதுக்கா!"

"உன் மெஷினா? போடி பைத்தியம். மூக்கு இல்லாத எனக்கு அது ஒண்ணுதான் மூக்கு. அதை நம்பாம யாரை நம்புறது?"

கீழே கைதட்டல் வெடித்தது. அக்கா பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினாள். சின்னவள் பாய்ந்து லைட்டரைப் பிடுங்கித் தன் மடியில் செருகிக்கொண்டாள். அவளுடைய முகத்தைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. "ஐயோ, நிஜமாவா? இரு, ஃபேனைப் போடறேன், வெளிய போகட்டும்" என்று சுவிட்சுக்குக் கையை நீட்டினாள். சின்னவள் அந்த மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். "எதையும் தொடாத அக்கா. உன் காலைப் பிடிக்கிறேன், எதையும் தொடாத." சிலிண்டர் வால்வை மூடினாள். ஜன்னலைத் திறந்து, அக்காவின் தையல் கத்தரியால் பேனரைக் கிழித்தாள். அக்காவை இழுத்துக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார வைத்தாள்.

பேனர் கிழிவதைப் பார்த்துப் பச்சைக்கொடி ஓடிவந்தார். வாசலிலேயே அவருக்கும் மணத்தது, கைக்குட்டையால் மூக்கை மூடினார். உள்ளே எட்டிப் பச்சை விளக்கைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலை."

அவர் நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். நிஜமான நிம்மதிதான், நடிப்பில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப சம்பவம் எதுவும் இல்ல."

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் அதற்குள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. அமைச்சர் தன் வீட்டுக்கா! இதோ, இப்போதே தண்ணீர் வைக்கிறேன் என்று உள்ளே ஓடினாள். அவள் சமையலறையிலும் தரைப்பக்கம் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது.

"சார், அங்கயும் அதே பெட்டிதான்!"

"அங்க லீக் இல்லையேம்மா."

"இருந்தா யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுக் கேஸ் இந்த வாசல் பூரா இறங்கியிருக்கு. படி வழியாத்தான் கீழ போகும். யாரும் எதையும் பத்தவைக்கக் கூடாது சார்!"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கீழே, வாட்ச்மேனின் மேஜையிலிருந்து, மாமியார் வீல் என்று கத்த ஆரம்பித்தது. கட்டடமே அதிர்ந்தது. பந்தலில் பேசிக்கொண்டிருந்த குரல் தடுமாறி நின்றது. பச்சைக்கொடியின் கண்ணில் பயம் வந்தது. எந்தப் பயம் என்று சொல்வது கஷ்டம். கைப்பிடிச் சுவரில் குனிந்து கத்தினார்.

"யாருப்பா அங்க? அந்தச் சனியனை நிறுத்துங்க! அமைச்சர் மேல வர்றார்!"

"கழட்டாதீங்க!" என்று சின்னவள் அலறினாள். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. வாட்ச்மேன் பேட்டரியைப் பிடுங்கினார். மாமியார் பாதிக் கத்தலில் நின்றது. பந்தலில் யாரோ சிரித்தார்கள், கைதட்டினார்கள். பிறகு படிக்கட்டில் நிறைய செருப்புச் சத்தம் ஏறி வரத் தொடங்கியது.

எதிர்வீட்டில் கெண்டியை அடுப்பில் வைக்கும் சத்தம் கேட்டது. சின்னவள் அந்த வாசலில் போய்க் குறுக்கே நின்றாள். பச்சைக்கொடி அவள் தோளைத் தொட்டு, "கேஸெல்லாம் போயிடுச்சும்மா, எனக்கே இப்ப மணக்கலை. வழி விடுங்க" என்றார்.

படியில் உட்கார்ந்திருந்த அக்கா, வாசனை தெரியாத தன் முகத்தைத் தூக்கித் தங்கையையே பார்த்தாள். "நீ சொல்லுடி. இன்னும் மணக்குதா?"

சின்னவள் மூச்சை ஆழமாக இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். வாயு கலைந்துவிட்டதா, இல்லை இவ்வளவு நேரம் அதிலேயே நின்று தன் மூக்கும் பழகிவிட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத் தெரிந்த ஒரே பெட்டியின் பேட்டரி கீழே வாட்ச்மேனின் கையில் இருந்தது.

அவளுக்கு எதுவும் மணக்கவில்லை. உள்ளே அந்தப் பெண் தீக்குச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள்.